கோணலின் அளவு

ஐந்து வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு வாய் ஊற்றினேன். மறுபடியும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் வலது பாதி என்னுடையது, இடது பாதி வேறு யாருடையதோ. புருவத்தைத் தூக்கினால் வலது மட்டும் போனது. கண்களை இறுக்கி மூடியபோதும் இடது பக்கம் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, வாய் ஒரு பக்கமா இழுக்குது?" என்று மனைவி பதறினாள். அம்மாவுக்கு வீடியோ காலில் ஒரு நொடிதான் ஆனது. "முகவாதம்டா இது. ராத்திரி பூரா ஏசிக் காத்து காதுல பட்டிருக்கும்." நோயைச் சொன்ன கையோடு காரணத்தையும் சொல்லிவிட்டாள். நோய் சரி, காரணம்தான் சந்தேகம்.

நரம்பியல் மருத்துவர் முதலில் பார்த்தது என் வாயை அல்ல. "நெத்தியைச் சுருக்குங்க" என்றார். பாதி நெற்றிதான் சுருங்கியது. "நல்லது" என்றார். இதில் என்ன நல்லது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையின் ரத்த ஓட்டம் தடைபட்டு வரும் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால், அநேகமாகக் கோளாறு நரம்பில்தான். ஸ்டீராய்டு மாத்திரை பத்து நாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி கண்ணை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும். சீட்டின் மேல் மூலையில் 'ஹெச்.பி. 4' என்று எழுதினார்.

"ஹெச்.பி. 4னா என்ன சார்?"

"ஆறுக்கு நாலு."

"மார்க்கா?"

"ஆமா. ஆனா இதுல கம்மியா வாங்கறவன்தான் பாஸ்."

மூன்றாம் நாள் திரும்பப் போனபோது கொஞ்சநஞ்சம் அசைந்துகொண்டிருந்ததும் நின்றுபோயிருந்தது. இது இப்படித்தான், முதல் இரண்டு மூன்று நாட்களில் இன்னும் மோசமாகும் என்றார். 4ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினார். பொறியியல் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு எண்ணைக் கொடுத்தால் அதன் அலகு என்ன, யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று கேட்பான். முகத்தை ஆறு பெட்டிக்குள் அடைக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? அடுத்த பல மாதங்கள் ஒரு கண்ணை மூடி வைத்துக்கொண்டு நான் படித்ததெல்லாம் இதைத்தான்.

*

முதலில் நரம்பைப் பற்றிக் கொஞ்சம். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது முகநரம்பு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10,000 இழைகள். அவற்றில் பெரும்பகுதி தசைகளை இயக்குவதற்கு. மிச்சம் நாக்கின் முன்பகுதிச் சுவைக்கும் கண்ணீர், எச்சில் சுரப்பதற்கும். முகத்துக்கு வருவதற்கு முன் இது காதுக்குப் பக்கத்து எலும்புக்குள் ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள குகைப்பாதையில் வளைந்து வளைந்து வரவேண்டும். அந்தப் பாதையின் மிகக் குறுகலான இடம் 1 மி.மீ.க்கும் குறைவு. நரம்பு வீங்கினால் எலும்பு விலகிக் கொடுக்காது. தன் வீக்கத்தாலேயே நரம்பு நசுங்கும். ஹெர்பிஸ் வைரஸ் விழித்துக்கொள்வதுதான் வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது.

இந்த நோய்க்குப் 'பெல்ஸ் பால்சி' என்று பெயர். சார்லஸ் பெல் 1774ல் எடின்பரோவில் பிறந்தவர். அறுவை மருத்துவர், கூடவே நல்ல ஓவியர். ஓவியர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். முகபாவங்களின் உடற்கூறு பற்றி அவர் எழுதிய புத்தகம் 1806ல் வந்தது. வாட்டர்லூ போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸுக்குப் போய் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்துவிட்டு அவர்களையே வரைந்தும் வைத்தவர். 1821ல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில், ஒரு கழுதையின் முகநரம்பை வெட்டிப் பார்த்ததைச் சொல்கிறார். வெட்டிய பக்கத்து மூக்குத்துவாரம் மூச்சோடு சேர்ந்து விரிவது நின்றுபோனது. இதை அவர் முகத்தின் 'சுவாச நரம்பு' என்றே நினைத்தார். கண்ணை மூட முயலும்போது விழி மேலே உருளும் என்பதைக் குறித்து வைத்தவரும் அவர்தான். என் மகள் முதல் வாரத்தில் என்னைப் பார்த்துப் பயந்தது அந்த வெள்ளை விழிக்குத்தான்.

பெயர் பெல்லுடையது என்றாலும் பார்த்தவர்களில் அவர் முதல்வர் அல்ல. பாரசீக மருத்துவர் அல் ராஸி இதைப்பற்றி ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் எழுதிவிட்டார். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்து ஃப்ரீட்ரீஷ் 1798லேயே மூன்று நோயாளிகளை விவரித்திருக்கிறார். நம் ஆயுர்வேத நூல்களில் 'அர்திதம்' என்ற பெயரில் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், வர்ணித்தார்கள். யாரும் அளக்கவில்லை. நோய்க்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாத காலத்தில் அளந்து என்ன ஆகப்போகிறது?

*

முகத்தை ஒரு கருவியைப்போல் நடத்திய முதல் ஆள் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேனைச் சொல்லலாம். பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில், பல் போன, முகத்தில் உணர்ச்சி மரத்துப்போன ஒரு முதியவரை உட்காரவைத்து, தோலின் மேல் மின்முனைகளை வைத்து ஒவ்வொரு தசையாக இயக்கினார். தசை சுருங்கி நிற்கும்போதே புகைப்படம் எடுக்கப்பட்டது. 1862ல் புத்தகம் வந்தது. பத்து வருஷம் கழித்து டார்வின் தன் உணர்ச்சிகள் பற்றிய நூலில் அந்தப் படங்களில் சிலவற்றைப் பயன்படுத்தினார். அந்த முதியவரின் முகத்தை இன்றைக்கும் எல்லோரும் பார்க்கிறார்கள். மின்சாரத்தால் வரவழைத்த சிரிப்பு ஒன்றில் வாய் மட்டும் சிரிக்கிறது, கண் சும்மா இருக்கிறது. வாயை இழுக்கும் தசை நம் இஷ்டத்துக்கு ஆடும், கண்ணைச் சுற்றியுள்ள தசை நிஜமான சந்தோஷத்துக்குத்தான் பணியும் என்றார் டுஷேன். இது எனக்கு வேறொரு விதத்தில் திரும்பி வரும், பிறகு சொல்கிறேன்.

டுஷேனின் மின்முனையிலிருந்து கிளைத்த இன்னொரு பாதைதான், பத்தாவது நாள் என்னை ஒரு பரிசோதனை அறையில் படுக்கவைத்தது. காதுக்குக் கீழே நரம்பு எலும்பை விட்டு வெளிவரும் இடத்தில் ஷாக் கொடுப்பார்கள். வாயோரத் தசையில் எழும் மின்துடிப்பை அளப்பார்கள். முதலில் நல்ல பக்கம், பிறகு கெட்ட பக்கம். இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. மைக்ரோவோல்ட் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரே மனிதனிடம் ஆரோக்கியமான இன்னொரு பாதி இருக்கிறது. அதை 100 என்று வைத்துக்கொண்டால் மற்ற பாதி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். உடலில் எல்லா உறுப்புக்கும் இப்படி ஒரு 'ரெஃபரன்ஸ்' கூடவே வருவதில்லை.

சோதனையை முதல் நாளே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் 1850ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயரிடம் இருக்கிறது. தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து, வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி மெல்ல மெல்ல அழிவதைக் கண்டவர் அவர். முகநரம்பில் இந்த அழிவு வெளிக்குத் தெரிய மூன்று நாள் போலாகும். அதுவரை, மேலே நசுங்கிச் செத்த நரம்பும் கீழே ஷாக் கொடுத்தால் பதில் சொல்லும். அவசரப்பட்டு அளந்தால் பிணம் உயிரோடு இருப்பதாக ரிப்போர்ட் வரும்.

1970களில் சூரிச் நகரத்தில் எஸ்லனும் ஊகோ ஃபிஷ்ஷும் இந்தச் சோதனையை ஒழுங்குபடுத்தினார்கள். நோய் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கெட்ட பக்கத் துடிப்பு நல்ல பக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டால், நரம்பு தானாக நன்றாகத் தேறும் வாய்ப்புக் குறைவு. எலும்பைத் திறந்து நரம்புக்கு இடம் பண்ணிக்கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். காதுக்கு மேலே மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை அது. பலன் பற்றி மருத்துவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆக, என் மண்டையைத் திறப்பதைப் பற்றிய பேச்சு எழுமா எழாதா என்பது ஒரு சதவீதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் திரையைப் பார்த்தார், மறுபடி ஒரு தடவை ஷாக் கொடுத்தார், எழுதினார்: 12.

பன்னிரண்டு. மின்முனையை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தால் 9 வந்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைப்பேன். கறாரான எண்தான். ஆனால் அதன் ஒரு முனை டெக்னீஷியன் கையில் இருந்தது.

*

இனி என் சீட்டில் இருந்த ஹெச்.பி. லாஸ் ஏஞ்சலிஸில் ஹவுஸ் என்றொரு காது மருத்துவர் குடும்பம். பெரியவர் ஹாவர்ட் ஹவுஸ். அவருடைய தாய் வேறான தம்பி வில்லியம் ஹவுஸ், மகன் ஜான் ஹவுஸ். கேள்வி நரம்பில் வரும் கட்டிகளின் கதை தெரிந்தால்தான் இவர்களின் முக்கியத்துவம் புரியும். கேள்வி நரம்பும் முகநரம்பும் எலும்புக்குள் ஒரே வாசல் வழியாகப் போகின்றன. ஒன்றில் கட்டி வந்தால் மற்றது அதோடு ஒட்டி நசுங்கிக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வி குஷிங் காலத்தில் இந்த அறுவையில் நோயாளி பிழைத்தாலே சாதனை. முகம் போனதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. 1960களில் வில்லியம் ஹவுஸ் அறுவை மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு காது எலும்பின் வழியாகவே உள்ளே போனார். சாவு குறைந்தது. நரம்பைக் கண்ணால் பார்த்து விலக்கிவைக்க முடிந்தது. கேள்வி மாறியது. ஆள் பிழைத்தாரா என்பது போய், முகம் பிழைத்ததா என்று வந்தது.

அப்போதுதான் சிக்கல். ஓர் ஊரில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதும் இன்னோர் ஊரில் 'சுமார்' என்று எழுதுவதும் ஒரே முகமாக இருக்கலாம். அளவுமுறைகள் இல்லாமல் இல்லை. 1955ல் நெதர்லாந்தின் போட்மனும் யோங்கீஸும் ஒன்று போட்டார்கள். 1976ல் ஜப்பானின் யனாகிஹாரா பத்து அம்சங்களுக்குத் தலா நான்கு மதிப்பெண் என்று நாற்பதுக்கு ஒரு கணக்கு வைத்தார். ஆளுக்கொரு அளவுகோல் இருந்தால் அளவுகோலே இல்லாத மாதிரிதான். 1983ல் ஜான் ஹவுஸ் புழக்கத்தில் இருந்த முறைகளை ஒப்பிட்டு எழுதினார். 1985ல் அவரும் டெரால்ட் பிராக்மனும் சேர்ந்து இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1 என்றால் இயல்பு, 6 என்றால் முழு வாதம். கண் முழுதாக மூடினால் 3, மூடாவிட்டால் 4. அதிலேயே ஓர் அளவும் இருந்தது. புருவம் மேலே எவ்வளவு போகிறது, வாயோரம் பக்கவாட்டில் எவ்வளவு போகிறது என்று நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு, கால் செ.மீ.க்கு ஒரு புள்ளி. நான்கும் நான்கும் எட்டு. எட்டுக்கு எட்டு என்றால் 1, ஏழு என்றால் 2, பூஜ்யம் என்றால் 6.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் இதை ஏற்றுக்கொண்டது. உலகம் முழுக்கப் பரவியது. ஸ்கேல் எடுத்து அளப்பவர்கள் குறைவு, பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் போடும் எண்தான். ஆனாலும் இந்த அளவு சாதித்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் விழுங்கிய மாத்திரைக்குச் சான்று இதிலிருந்துதான் வந்தது. ஸ்காட்லாந்தில், பெல் பிறந்த நாட்டிலேயே, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2007ல் முடிவு வந்தது. நோய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் கொடுத்தவர்களில் மூன்று மாதத்தில் 83 சதவீதம் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள். கொடுக்காதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பதாவது மாதம் 94.4, 81.6. முழுதாக என்றால் ஹெச்.பி. 1. யாருக்கு என்ன மருந்து போனது என்று தெரியாத மூன்று நிபுணர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், நரம்பியலாளர் ஒருவர், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், நோயாளிகளின் புகைப்படங்களைப் பார்த்துத் தனித்தனியாக எண் போட்டார்கள். ஒரு பொது அளவுகோல் இல்லாமல் இந்த வாக்கியங்களை எழுதியிருக்கவே முடியாது.

*

எனக்கு முதல் துடிப்பு நான்காவது மாதம் வந்தது. டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மருத்துவர் இருபத்தைந்து வருஷம் முகவாத நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். 2002ல் அவர் வெளியிட்ட கணக்கில் சிகிச்சையே இல்லாமல் 71 சதவீதம் பேர் இயல்புக்குத் திரும்பினார்கள். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. நான் மிச்சம் 15ல் இருந்தேன். நசுங்கிய இழைகள் அழிந்து, புதிதாக வளர்ந்து வரவேண்டும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகம். காதின் பின்னாலிருந்து வாயோரம் வரை நடந்து வர மாதக்கணக்கில் ஆகும்.

பத்தாவது மாதம் மருத்துவர் பார்த்தார். புருவம் போகிறது, கண் மூடுகிறது, வாய் இழுக்கிறது. "அருமையா வந்துருச்சு. ஹெச்.பி. 2. இனிமே வர வேணாம்." வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, மூன்று வயது மகள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா இப்படித்தான் சிரிப்பாரு." வாயை அகலமாக்கிச் சிரித்தாள். சிரிக்கும்போதே ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு எதிரே நின்று பார்த்துப் பழகியவள் என்பதால் மூடியது வலது கண். கேலி இல்லை அதில். அப்பா என்றால் அவளுக்கு அப்படித்தான்.

நான் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். இடது கண் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. கண்ணை மூடினால் வாயோரம் மேலே இழுத்தது. வாயைக் குவித்தால் கண் சுருங்கியது. திரும்பி வளர்ந்த இழைகள் வழி தப்பிவிட்டன. வாய்க்குப் போகவேண்டியது கண்ணுக்குப் போயிருக்கிறது. இதற்கு 'சின்கைனீசிஸ்' என்று பெயர். கூட்டசைவு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால் சாப்பிடும்போது கண்ணீர் வடியும். மருத்துவப் புத்தகத்திலேயே அதற்குப் பெயர் முதலைக் கண்ணீர்தான். டுஷேன் சொன்னது இப்போது எனக்கு வேறு அர்த்தத்தில் புரிந்தது. நிஜச் சந்தோஷத்துக்கு மட்டும் பணியும் என்று அவர் சொன்ன கண் தசை, என் இடது பாதியில் எந்தப் போலிச் சிரிப்புக்கும் பணிந்துவிடுகிறது. ஆபீஸில் மேனேஜர் ஜோக்குக்குச் சிரித்தாலும் அந்தப் பாதி மனதார மகிழ்ந்துவிடும்.

ஹெச்.பி. அளவில் கூட்டசைவு இல்லாமல் இல்லை. 2ல் 'லேசாக', 3ல் 'கண்ணுக்குத் தெரியும்படி' என்று விவரிப்பில் ஓரமாக வருகிறது. சரியாகப் பார்த்தால் எனக்கு 3 போட்டிருக்க வேண்டும். ஆனால் தனித்தனிச் சமாச்சாரங்களை ஒரே எண்ணில் அழுத்தினால் ஏதாவது ஒன்று வெளியே விழும். படத்தைச் சுருக்கி அஞ்சல்தலை அளவுக்குக் கொண்டுவந்தால் ஆளை அடையாளம் தெரியும், கண் பாதி மூடியிருப்பது தெரியாது. மருத்துவரின் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன். நரம்பு பிழைத்ததா என்று ஓர் அறுவை மருத்துவருக்கு இன்னோர் அறுவை மருத்துவர் சொல்வதற்காக உண்டான எண் அது. என்னிடம் அது 'ஆமாம், பிழைத்தது' என்று சரியாகவே சொன்னது. நான் கேட்ட கேள்விதான் வேறு.

*

அந்தக் கேள்வியைக் கேட்ட ஓர் அளவுகோல் 1996ல் கனடாவின் டொராண்டோவில் வந்தது. சன்னிபுரூக் மருத்துவமனையின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். கட்டுரையின் முதல் பெயர் பிரெண்டா ராஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். கூட ஃப்ரடே, நெட்செல்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள். வாரத்துக்கு வாரம் நோயாளியைப் பார்ப்பவருக்கு ஆறு பெட்டி போதாது. ஒரே பெட்டிக்குள்ளேயே நோயாளி ஆறு மாதம் மெல்ல மெல்லத் தேறுவார். அந்த முன்னேற்றத்தைச் சொல்ல எண் இல்லையென்றால் நோயாளியும் சோர்ந்துபோவார், செய்யும் சிகிச்சைக்குச் சான்றும் இருக்காது.

கணக்கு எளிது. புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, வாய் திறந்து சிரிப்பது, மூக்கைச் சுளிப்பது, உதட்டைக் குவிப்பது என்று ஐந்து அசைவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் நூறுக்கு வரும். அதிலிருந்து, சும்மா இருக்கும்போது உள்ள கோணலுக்குக் கழிக்க வேண்டும். ஒவ்வோர் அசைவிலும் எழும் கூட்டசைவுக்கு 0 முதல் 3 வரை தனியாகக் கழிக்க வேண்டும். வேண்டாத அசைவு இங்கே தனிப் பத்தியில், கழித்தல் குறியோடு வருகிறது.

இந்தத் தாளை வைத்திருந்த ஒரு பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் போனேன். அவர் என்னை நிதானமாக இருபது நிமிஷம் பார்த்தார். அசைவுகள் 21ஐ நான்கால் பெருக்கி 84. சும்மா இருக்கையில் கோணலுக்கு 10 கழித்தல். கூட்டசைவுக்கு 7 கழித்தல். அறுபத்தேழு. இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவனுக்கு 67. கேட்டதும் வருத்தம் வரவேண்டும், எனக்கு ஆறுதல்தான் வந்தது. குளியலறைக் கண்ணாடியில் நான் பார்த்ததை இன்னொருத்தரும் பார்த்துவிட்டார்.

"இத்தனை நாள் என்ன எக்சர்சைஸ் பண்ணீங்க?" என்றார். பலூன் ஊதினேன், சூயிங்கம் மென்றேன், யாரோ சொன்னதெல்லாம் பலமாகச் செய்தேன் என்றேன். "அதெல்லாம் நிறுத்துங்க. பலமாச் செஞ்சா தப்பா இணைஞ்ச வயரும் சேர்ந்து பலமாகும்." கண்ணாடி முன்னால், மிக மெதுவாக, கண் மூடத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாகச் சிரிக்கச் சொன்னார். தினமும் அப்படிக் கஞ்சத்தனமாகச் சிரிப்பது எளிதாகத் தோன்றும். செய்து பாருங்கள்.

*

தொழில் புத்தி விடுமா? இருபது நிமிஷ மனிதப் பார்வையை ஏன் ஒரு கேமராவுக்குக் கொடுக்கக்கூடாது என்று யோசித்தேன். முகத்தில் 68 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. தாடைக்கு 17, புருவங்களுக்கு 10, மூக்குக்கு 9, கண்களுக்கு 12, வாய்க்கு 20. இடதையும் வலதையும் ஒப்பிட்டால் வேலை முடிந்தது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். நோய் முற்றியிருந்தபோது எடுத்த என் புகைப்படத்தைக் கொடுத்தேன். புள்ளிகள் விழுந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. தொங்கிய என் வாயோரத்தில் விழவேண்டிய புள்ளி அதற்கு மேலே, கன்னத்தில் விழுந்திருந்தது. மூடாத கண்ணின் கீழிமையையும் மேலே ஏற்றி வைத்திருந்தது. வாய் அங்கேதான் இருக்க வேண்டும் என்று மென்பொருள் என் முகத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டது.

காரணம் யோசித்தால் எளிது. அது பயின்றதெல்லாம் இயல்பான முகங்களில். முகம் என்றால் ஏறக்குறையச் சமச்சீராக இருக்கும் என்பதுதான் அது கற்ற பாடம். கோணலை அளக்கச் சொன்னால் கோணலைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. இதை எனக்கு முன்பே பாஸ்டனில் கண்டுகொண்டிருக்கிறார்கள். அங்கே டெஸ்ஸா ஹாட்லாக் என்ற முகநரம்பு மருத்துவரின் குழுவில் டியேகோ குவாரின் என்ற பொறியாளரும் மற்றவர்களும் 2018ல் ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். முகவாத நோயாளிகளின் படங்களில் மருத்துவர்கள் கையால் புள்ளி வைத்து, அவற்றைக் கொடுத்துப் பயிற்றுவித்தபோது பிழை குறைந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புகைப்படத்தில் மில்லிமீட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவிழியை வைத்து. வளர்ந்த மனிதர்களின் கருவிழி வட்டம் ஏறக்குறைய 11.8 மி.மீ. ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. ஸ்கேல் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அதே பாஸ்டன் குழு மருத்துவர்களின் கண்ணால் போடும் அளவு ஒன்றையும் வைத்திருக்கிறது. அதையும் கைவிடவில்லை. 2001ல் வந்த இன்னோர் அளவு நோயாளியிடமே கேள்வி கேட்கிறது. சாப்பிடச் சிரமமா, கண் வறள்கிறதா, நாலு பேர் முன்னால் போகத் தயக்கமா என்று. அதில் வரும் எண்ணும் மருத்துவர் போடும் எண்ணும் எப்போதும் சேர்ந்து போவதில்லை. ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு முகத்துக்கு ஒரு அளவுகோலைக் கண்டுபிடிக்க முடியவில்லையா என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. புறவயமான அளவு என்றால் யாருடைய பார்வையும் கலக்காத அளவு என்று நினைத்திருந்தேன். பார்வை எங்கும் கலந்துதான் இருக்கிறது. சூரிச்சில் மின்முனை வைக்கும் கையில், லாஸ் ஏஞ்சலிஸில் எதை எட்டுப் புள்ளிக்குள் சேர்ப்பது என்ற முடிவில், கணினியில் எந்த முகங்களைக் காட்டிப் பழக்குவது என்பதில். எண் போடுகிறவர் தான் எதைப் பார்க்கிறார், எதை விட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டால் போதும். மீதியை அடுத்தவர் வந்து பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம் கண்ணாடி முன்னால் கஞ்சத்தனமாகச் சிரித்த பிறகு என் கணக்கு 79. அசைவு 88, கோணலுக்கு 5, கூட்டசைவுக்கு 4. அதோடு நின்றுவிட்டது. இன்றைக்கும் சோர்வாக இருக்கும் நாட்களில் இடது கன்னம் இறுகும். போட்டோ எடுக்கும்போது நான் வாயை மூடியே சிரிப்பேன்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம், சும்மா, பழைய மாதிரி அப்பா எப்படிச் சிரிப்பார் என்று செய்து காட்டச் சொன்னேன். யோசித்தாள். வாயை விரித்தாள். வலது கண்ணை மூடவில்லை, கொஞ்சமாகச் சுருக்கினாள். "இவ்ளோதான்பா" என்றாள்.